எனக் கொள்வோம்!
(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு)

கணக்கு டீச்சர் சுண்ணக்கட்டியைக் கையில் எடுத்ததும் வகுப்பில் அடிக்கடி ஒலிக்கும் சொற்கள் இரண்டு உண்டு. அவை “எனக் கொள்வோம்” என்பவையே. “இவ்விரு கோடுகளும் இணை எனக் கொள்வோம்”, “இப்புள்ளி வட்டத்தின் மையம் எனக் கொள்வோம்” என்று டீச்சர் சொல்லச் சொல்ல, நாங்களும் மறுபேச்சின்றிக் கொண்டுவிடுவோம். சென்ற ஆண்டு ஒரு நாள் எனக்கு எங்கிருந்தோ துணிவு வந்தது. எழுந்து நின்று, “டீச்சர், ஏன் அப்படிக் கொள்ள வேண்டும்? கொள்ளாவிட்டால் என்ன ஆகும்?” என்று கேட்டுவிட்டேன்.

வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. “இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் கணிதத்தையே மாற்றியிருக்கிறார்கள். நூலகத்தில் தேடிப் படி. படித்ததை ஆண்டு மலருக்கு எழுதிக் கொடு” என்றார்கள். அந்தக் கட்டளையை நிறைவேற்ற எனக்கு ஓராண்டு பிடித்தது. அந்த ஓராண்டுக்குள், புத்தகத்தில் படித்ததை வாழ்க்கையிலும் ஒருமுறை படிக்க நேர்ந்தது. இரண்டையும் இங்கே எழுதுகிறேன்.

எடுகோள் என்றால் என்ன?

வாதம் செய்யாத மனிதரே இல்லை. வீட்டில் தம்பியோடு வாதம். வகுப்பில் தோழியோடு வாதம். பட்டிமன்றத்தில் எதிரணியோடு வாதம். ஒவ்வொரு வாதத்துக்கும் ஒரு முடிவு இருப்பதைப் போல ஒரு தொடக்கமும் இருக்கிறது. முடிவை நாம் உரக்கச் சொல்லுகிறோம். தொடக்கத்தையோ பெரும்பாலும் சொல்லுவதே இல்லை. ‘இதை நான் நிரூபிக்கப் போவதில்லை, இதை வைத்துக்கொண்டு மற்றவற்றை நிரூபிக்கப் போகிறேன்’ என்று எடுத்துக்கொள்ளும் அந்தத் தொடக்கமே எடுகோள். எடுத்துக்கொள்வதால் எடுகோள் என்று நம் தமிழ்ச் சொல்லே பொருளை விளக்கிவிடுகிறது.

மேலைநாட்டார் இதற்கு வழங்கும் ‘போஸ்டுலேட்’ என்னும் சொல்லின் வரலாறு இன்னும் சுவையானது. லத்தீன் மொழியில் ‘போஸ்டுலாரே’ என்றால் கேட்டல், வேண்டுதல் என்று பொருள். நம் பள்ளியில் படிப்போருக்கு இச்சொல்லின் உறவினர்கள் புதியவர்கள் அல்லர். துறவற சபையில் சேர விரும்பி, ‘என்னை ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்று வேண்டி வந்து, நவசந்நியாசத்துக்கு முன்னுள்ள நிலையில் இருக்கும் பெண்ணைப் ‘போஸ்டுலன்ட்’ என்கிறோம் அல்லவா? வேண்டி நிற்பவள் என்பதே அதன் பொருள். ஒருவருக்குப் புனிதர் பட்டம் வழங்க வேண்டுமென்று திருச்சபையிடம் முறையிட்டு வழக்கை நடத்துபவருக்குப் ‘போஸ்டுலேட்டர்’ என்று பெயர். 2022-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் நம் தேவசகாயம் பிள்ளை புனிதர் என்று அறிவிக்கப்பட்டாரே, அத்தகைய ஒவ்வொரு வழக்கிலும் இப்படி வேண்டுபவர் ஒருவர் இருப்பார்.

ஆக, எடுகோள் என்பது ஒரு கட்டளை அன்று. அது ஒரு வேண்டுகோள். ‘இதை மட்டும் எனக்குக் கொடுங்கள், மீதியை நான் நிரூபிக்கிறேன்’ என்று வாதம் செய்பவர் கேட்பவரிடம் கை நீட்டிக் கேட்பது அது. தோழியரே, இந்தப் பொருளை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் கடைசியில் இதனிடமே திரும்பி வரப்போகிறேன்.

ஏன் கேட்க வேண்டும்?

எல்லாவற்றையும் நிரூபித்துவிட்டால் என்ன? கேட்கவே தேவையில்லையே என்று சிலர் எண்ணலாம். எங்கள் வீட்டில் நான்கு வயதுக் குழந்தை ஒன்று உண்டு. “மழை ஏன் பெய்கிறது?” என்று தொடங்கும். மேகத்தால் என்றால், “மேகம் ஏன் வருகிறது?” என்னும். கடல் நீர் ஆவியாவதால் என்றால், “அது ஏன் ஆவியாகிறது?” என்னும். கடைசியில் அம்மா, “போய்ச் சாப்பிடு” என்று சொன்னால்தான் அந்தச் சங்கிலி அறும்.

கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் இதை இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே எண்ணிப் பார்த்திருக்கிறார். ஒன்றை நிரூபிக்க மற்றொன்று வேண்டும். அதை நிரூபிக்க இன்னொன்று வேண்டும். இப்படியே போனால் முடிவே இல்லை. அல்லது சுற்றி வந்து புறப்பட்ட இடத்திலேயே நிற்க வேண்டும். “அவள் சொல்வது உண்மை.” ஏன்? “அவள் நல்லவள்.” நல்லவள் என்று எப்படித் தெரியும்? “அவள் உண்மையே சொல்வாள்.” இது செக்கு மாடு சுற்றுவதைப் போன்றது, நடந்த தூரம் அதிகம், சேர்ந்த ஊர் எதுவும் இல்லை. ஆகவே நிரூபிக்காமல் ஏற்றுக்கொள்ளும் சில தொடக்கங்கள் வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு.

அவர் இன்னொரு நுட்பத்தையும் கூறினார். ஆசிரியர் நிரூபிக்காமல் எடுத்துக்கொள்ளும் ஒன்றை மாணவரும் ஒப்புக்கொண்டால் அது கருதுகோள். மாணவருக்கு அதைப்பற்றி ஒரு கருத்தும் இல்லாதபோதோ, மாறான கருத்து இருக்கும்போதோ ஆசிரியர் அதை எடுத்துக்கொண்டால் அது எடுகோள். அதாவது, எடுகோளில் எதிரே இருப்பவர் ‘மாட்டேன்’ என்று சொல்லவும் இடமுண்டு. அதனால்தான் அதைக் கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது.

யூக்ளிட்டின் ஐந்து வேண்டுகோள்கள்

கி.மு. 300-ஐ ஒட்டி எகிப்து நாட்டு அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்த யூக்ளிட், நாம் படிக்கும் வடிவ கணிதத்தை ‘மூலங்கள்’ என்னும் நூலில் வரிசைப்படுத்தினார். நூலின் தொடக்கத்தில் வரையறைகள் சிலவற்றைச் சொன்ன பிறகு, ‘கேட்டுக்கொள்ளப்படுவதாக’ என்று பொருள்படும் சொல்லுடன் ஐந்து எடுகோள்களை முன்வைத்தார்.

1. எந்தப் புள்ளியிலிருந்தும் எந்தப் புள்ளிக்கும் ஒரு நேர்கோடு வரையலாம்.

2. ஒரு நேர்கோட்டுத் துண்டை மேன்மேலும் நீட்டலாம்.

3. எந்த மையத்தையும் எந்த ஆரத்தையும் கொண்டு ஒரு வட்டம் வரையலாம்.

4. எல்லாச் செங்கோணங்களும் சமம்.

5. இரு நேர்கோடுகளை மூன்றாவது கோடு ஒன்று வெட்டும்போது, ஒரே பக்கத்தில் உண்டாகும் இரண்டு உட்கோணங்களின் கூடுதல் இரண்டு செங்கோணங்களை விடக் குறைவாக இருந்தால், அவ்விரு கோடுகளும் அந்தப் பக்கத்தில் நீட்டப்படும்போது ஒன்றையொன்று சந்திக்கும்.

முதல் நான்கையும் படித்தவுடன் நாம் தலையை ஆட்டிவிடுகிறோம். ஐந்தாவதைப் படிக்கும்போது புருவம் சுருங்குகிறது. அது நீளமாக இருக்கிறது. எடுகோள் போல் தோன்றாமல், நிரூபிக்க வேண்டிய தேற்றம் போல் தோன்றுகிறது. யூக்ளிட்டும் முதல் 28 தேற்றங்களை அதன் துணையின்றியே நிரூபித்துவிட்டு, 29-ஆவது தேற்றத்தில்தான் அதைக் கையில் எடுக்கிறார். முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூடுதல் 180 பாகை என்று நாம் மனப்பாடமாகச் சொல்கிறோமே, அது இந்த ஐந்தாவது எடுகோளின் மேல் நிற்கிறது. நம் பாடத்தில், ‘ஒரு கோட்டுக்கு வெளியே உள்ள புள்ளி வழியாக அக்கோட்டுக்கு இணையாக ஒரே ஒரு கோடுதான் வரைய முடியும்’ என்று படிப்பதும் இதன் மறுவடிவமே.

கேட்டவர் ஒருவர், மறுக்கத் துணிந்தவர் பலர்

‘இதைக் கேட்டு வாங்குவானேன்? மற்ற நான்கிலிருந்து நிரூபித்துவிடலாமே’ என்று இரண்டாயிரம் ஆண்டுகளாக அறிஞர்கள் முயன்றார்கள். அவர்களுள் ஒருவர் குருவானவர் என்று அறிந்தபோது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி உண்டாயிற்று. அவர் இத்தாலி நாட்டு இயேசு சபைத் துறவி ஜிரோலமோ சக்கேரி. 1667-இல் பிறந்து 1733-இல் மறைந்தவர். மறைந்த அதே ஆண்டில், யூக்ளிட்டைக் குற்றமெல்லாம் நீக்கிக் காட்டுவதாகத் தலைப்பிட்ட நூலை வெளியிட்டார்.

அவர் கையாண்ட வழி என்ன? ஐந்தாவது எடுகோள் தவறு எனக் கொள்வோம். அப்படிக் கொண்டால் எங்காவது முரண்பாடு வந்தே தீரும். முரண்பாடு வந்துவிட்டால் எடுகோள் சரி என்று ஆகிவிடும் என்று புறப்பட்டார். ஒன்றன்பின் ஒன்றாக விந்தையான முடிவுகள் வந்தன. முக்கோணத்தின் கோணங்களின் கூடுதல் 180 பாகைக்குக் குறைவாக வந்தது. ஆனால் அவர் எதிர்பார்த்த முரண்பாடு மட்டும் வரவில்லை. இறுதியில், இது நேர்கோட்டின் இயல்புக்கே பொருந்தாதது என்று கூறித் தள்ளிவிட்டார். தாம் விரும்பிய முடிவு அவர் மனத்தில் முன்பே இருந்துவிட்டது. தாம் ஒரு புதிய வடிவ கணிதத்தின் வாசலில் நிற்கிறோம் என்பதை அவர் காணவில்லை.

அந்த வாசலுக்குள் நுழைந்தவர்கள் இருவர். ரஷ்யாவின் லோபசெவ்ஸ்கி 1829-லும், ஹங்கேரியின் இளைஞர் யானோஷ் போயாய் 1832-லும், ஒருவர் செய்வதை மற்றவர் அறியாமலே, ஒரு புள்ளி வழியாக ஒன்றுக்கு மேற்பட்ட இணைகோடுகள் வரையலாம் என்று கொண்டு, முரண்பாடில்லாத வடிவ கணிதத்தை வெளியிட்டார்கள். 1854-இல் ஜெர்மனியின் ரீமன், வளைந்த வெளிகளுக்குரிய வடிவ கணிதத்தை விளக்கினார். அவ்வகை வெளிகளுள் இணைகோடே இல்லாதவையும் உண்டு.

இவையெல்லாம் வெறும் கற்பனையா? நம் வகுப்பில் உள்ள உலக உருண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். வட துருவத்திலிருந்து பூமத்திய ரேகை வரை ஒரு தீர்க்க ரேகையை வரையுங்கள். அதிலிருந்து 90 பாகை தள்ளி இன்னொரு தீர்க்க ரேகையை வரையுங்கள். பூமத்திய ரேகை மூன்றாவது பக்கம். இந்த முக்கோணத்தில் மூன்று கோணங்களுமே செங்கோணங்கள்! கூடுதல் 270 பாகை. நம் தேற்றம் பொய்யாகிவிட்டதா? இல்லை. தட்டையான தளத்துக்குரிய எடுகோளை உருண்டையின் மேல் கொண்டுவந்தது நம் பிழை. 1915-இல் ஐன்ஸ்டைன் தம் ஈர்ப்புக் கொள்கையை அமைத்தபோது, ரீமனின் வடிவ கணிதமே அவருக்குக் கைகொடுத்தது. 1919 மே 29-ஆம் நாள் நிகழ்ந்த சூரிய கிரகணத்தின்போது, சூரியனுக்கு அருகே வரும் விண்மீன் ஒளி வளைவது அளந்து பார்க்கப்பட்டது.

இதிலிருந்து நான் கற்றது இது: யூக்ளிட்டின் வாதத்திலும் பிழை இல்லை, லோபசெவ்ஸ்கியின் வாதத்திலும் பிழை இல்லை. ஆனாலும் இருவரின் முடிவுகளும் வேறு. காரணம், இருவரும் கேட்டு வாங்கியது வேறு. ஒரு வாதத்தில் ஒவ்வொரு படியும் சரியாக இருக்கலாம். ஆனால் அதன் முடிவு, தொடக்கம் எவ்வளவு உறுதியோ அவ்வளவுதான் உறுதி. மணல்மேல் கட்டிய வீட்டைப்பற்றி ஆண்டவர் சொன்ன உவமை வாதங்களுக்கும் பொருந்தும் அன்றோ!

தமிழில் தருக்கம்

இத்தகைய ஆராய்ச்சி மேலைநாட்டாருக்கே உரியது என்று எண்ண வேண்டா. நம் ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றான மணிமேகலையில், வஞ்சி நகரில் மணிமேகலை பல சமயத்தாரின் கொள்கைகளைக் கேட்கிறாள். அங்கே அளவை வாதி என்பவர், ஒன்றை அறிவதற்குரிய அளவைகள் பத்து என்று அடுக்குகிறார். அவற்றுள் ஒன்று அருத்தாபத்தி. சொன்னது பொருந்த வேண்டுமானால் சொல்லாத ஒன்றை நாம் கொண்டாக வேண்டும் என்பதே அது. ஆயர்குடி கங்கையில் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், ஆற்று வெள்ளத்துக்குள் குடிசைகள் இருக்கின்றன என்று யாரும் பொருள் கொள்வதில்லை. கங்கைக் கரையில் இருக்கிறது என்று கொள்கிறோம். சாத்தனார் காட்டும் எடுத்துக்காட்டு இதுவே.

வடமொழித் தருக்க நூல்களில் இன்னோர் எடுத்துக்காட்டு வருகிறது. தேவதத்தன் பகலில் உண்பதே இல்லை, ஆயினும் பருத்திருக்கிறான். அப்படியானால் இரவில் உண்கிறான் என்று கொள்ள வேண்டும். நாள்தோறும் நாம் இப்படித்தான் பேச்சின் இடைவெளிகளை நிரப்பிக்கொள்கிறோம். நிரப்பாமல் பேசவே முடியாது. ஆனால் நிரப்பியது நாம்தான் என்பதை மறந்துவிடும்போது ஆபத்து தொடங்குகிறது.

மூன்று வகைக் ‘கொள்வோம்’

நான் படித்தவற்றைத் தொகுத்துப் பார்த்ததில், ‘கொள்வோம்’ என்பதில் மூன்று வகை உண்டு என்று தோன்றுகிறது.

முதல் வகை, வெளிப்படையாகக் கேட்டுப் பெறுவது. யூக்ளிட் செய்தது இது. திருச்சபையின் பெரும் அறிஞரான புனித தாமஸ் அக்குவினாஸ் இதன் எல்லையை அழகாகச் சொல்லியிருக்கிறார். எதிரே இருப்பவர் நம் தொடக்கங்களுள் சிலவற்றையாவது ஒப்புக்கொண்டால் அவரோடு வாதிடலாம். எதையுமே ஒப்புக்கொள்ளாதவருக்கு நாம் எதையும் நிரூபித்துக் காட்ட இயலாது. அவர் எழுப்பும் தடைகளுக்கு விடை சொல்லத்தான் இயலும் என்பது அவர் கருத்து. அவருடைய இறையியல் தொகுப்பைத் திறந்தால், ஒவ்வொரு கேள்வியிலும் எதிர்த்தரப்பாரின் வாதங்களையே முதலில் எழுதுகிறார். பிறகுதான் தம் விடையைச் சொல்கிறார். நம் விசுவாசப் பிரமாணமும் இப்படி வெளிப்படையானதே. ஞாயிறுதோறும் எழுந்து நின்று, நாம் எதன்மேல் நிற்கிறோம் என்பதை எல்லாரும் கேட்கச் சொல்லுகிறோம்.

இரண்டாம் வகை, உண்மை என்று நம்பாமலே, வாதத்துக்காகச் சற்று நேரம் கொள்வது. 2-இன் வர்க்கமூலம் ஒரு பின்னம் அன்று என்று நிரூபிக்க, முதலில் அது ஒரு பின்னம் எனக் கொள்கிறோம்; அதை எளிய வடிவில் எழுதுகிறோம். பிறகு பகுதியும் தொகுதியும் இரண்டுமே இரட்டை எண்களாகிவிடுகின்றன. எளிய வடிவில் அப்படி வர முடியாதே! ஆகவே கொண்டது தவறு என்று கைவிடுகிறோம். இங்கே ‘கொள்வோம்’ என்பது ஒரு சோதனை. எதிராளியின் கருத்தைச் சற்று நேரம் நம் தோளில் சுமந்து பார்ப்பதும் இதைப் போன்றதே.

மூன்றாம் வகைதான் பொல்லாதது. அது, கொண்டோம் என்று தெரியாமலே கொள்வது. இதை ஊகம் என்பேன். யூக்ளிட்டே இதற்குத் தப்பவில்லை. அவர் நூலின் முதல் தேற்றம், ஒரு கோட்டுத்துண்டின்மேல் சமபக்க முக்கோணம் வரைவது. இரு முனைகளையும் மையமாகக் கொண்டு இரு வட்டங்கள் வரைந்து, அவை வெட்டும் புள்ளியை எடுத்துக்கொள்கிறார். நாமும் கவராயத்தால் அப்படித்தான் வரைகிறோம். ஆனால் இரு வட்டங்களும் வெட்டிக்கொள்ளும் என்று எங்கே கேட்டு வாங்கினார்? ஐந்து எடுகோள்களில் அது இல்லை! படத்தில் கண்ணுக்குத் தெரிந்ததால் கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. 1899-இல் ஜெர்மனியின் ஹில்பர்ட், யூக்ளிட் கேட்காமல் எடுத்துக்கொண்டவற்றையும் சேர்த்து எல்லாவற்றையும் வரிசைப்படுத்தினார்.

புனித யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்திலும் இத்தகைய ஊகம் ஒன்று இருக்கிறது. பிறவிக் குருடர் ஒருவரைக் கண்ட சீடர்கள், இவர் இப்படிப் பிறக்கக் காரணம் இவர் செய்த பாவமா, இவருடைய பெற்றோர் செய்த பாவமா என்று ஆண்டவரிடம் கேட்கிறார்கள். கேட்பது கேள்விதான். ஆனால் துன்பம் என்றால் அது யாரோ செய்த பாவத்தின் தண்டனை என்னும் ஊகம் அக்கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது. ஆண்டவர் அவர்கள் கொடுத்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவில்லை. இரண்டையுமே மறுத்து, கேள்வியின் அடித்தளத்தையே மாற்றிவிடுகிறார்.

என் வாதம்

இனி, வாழ்க்கையில் நான் படித்த பாடத்தைச் சொல்கிறேன்.

நான் அப்போது வகுப்புத் தலைவி. மறைபரப்பு ஞாயிறு காணிக்கைக்காக வகுப்பில் சேர்த்த 340 ரூபாய் ஓர் உறையில் என்னிடம் இருந்தது. விளையாட்டு வகுப்பு முடிந்து வந்து மேசைக்குள் கைவிட்டேன். உறை இல்லை. நெஞ்சு திக்கென்றது. அன்று வயிற்றுவலி என்று விளையாட வராமல் வகுப்பிலேயே தலை சாய்த்திருந்தவள் ஒரே ஒருத்தி. அவள் விடுதியில் தங்கிப் படிப்பவள். கையில் காசு இருந்து நான் பார்த்ததில்லை.

என் மூளை உடனே ஒரு தேற்றத்தை நிரூபித்துவிட்டது. கொடுக்கப்பட்டது: விளையாட்டு வகுப்புக்கு முன் உறை மேசையில் இருந்தது, பின் இல்லை, இடையில் அறையில் இருந்தவள் ஒருத்தியே. ஆகவே எடுத்தவள் அவளே. எவ்வளவு அழகான நிரூபணம்! ஒரு படியிலும் குறை இல்லை. அதை நான் யாரிடமும் உரக்கச் சொல்லவில்லை. இரண்டே தோழியரிடம் மெல்லச் சொன்னேன். மாலை மணி அடிப்பதற்குள் வகுப்பு முழுவதுக்கும் தெரிந்துவிட்டது.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மதிய உணவின்போது வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அதற்கு மறுநாளும் அப்படியே. அவளுடைய மௌனத்தையும் நான் என் வாதத்துக்குச் சான்றாகச் சேர்த்துக்கொண்டேன். குற்றம் இல்லாதவள் என்றால் பேசியிருப்பாளே!

மூன்றாம் நாள் கணக்கு டீச்சர் திருத்திய வீட்டுப்பாட நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். என் நோட்டைக் கொடுக்கும்போது, “இது என்ன, உள்ளே பணம்?” என்று கேட்டார்கள். நோட்டின் நடுவே அந்த உறை இருந்தது. விளையாட்டு வகுப்புக்கு முன் நோட்டுகளை அடுக்கி ஆசிரியர் அறையில் கொண்டுபோய் வைத்தவள் நானே.

என் வாதத்தின் படிகள் எல்லாம் சரி. ஆனால் ‘உறை மேசையில் இருந்தது’ என்பதை நான் பார்க்கவில்லை. இருக்கும் என்று கொண்டிருந்தேன். யூக்ளிட்டின் கண்ணுக்கு வட்டங்கள் வெட்டிக்கொள்வது தெரிந்ததைப் போல, என் மனக்கண்ணுக்கு உறை மேசையில் இருப்பது தெரிந்தது. அது மட்டும் அன்று. ஏழைப் பெண் என்றால் எடுத்திருப்பாள் என்னும் ஊகமும் அதன் அடியில் கிடந்தது. அந்த இரண்டாவது ஊகத்தை இங்கே எழுதத்தான் என் கை மிகவும் தயங்கியது. ஏனென்றால் முதலாவது மறதி, இரண்டாவது பாவம்.

டீச்சரின் அனுமதியுடன் வகுப்பின் முன் நின்று நடந்ததைச் சொல்லி அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் என்னைத் திட்டவில்லை. அழுதுகொண்டே ஒன்றே ஒன்று சொன்னாள்: “என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.”

எடுகோள் என்றால் கேட்டல் என்று புத்தகத்தில் படித்துக் குறிப்பெழுதி வைத்திருந்தவள் நான். யாரிடம் கேட்க வேண்டுமோ அவளிடம் மட்டும் கேட்கவில்லை. கேட்காமல் எடுத்துக்கொண்டது நான்தான், அவள் அன்று. இதை எழுத அவளிடம் அனுமதி கேட்டேன். பெயரைப் போடாவிட்டால் எழுதலாம் என்றாள். இப்போது நாங்கள் ஒரே பெஞ்சில் அமர்கிறோம்.

நாம் செய்ய வேண்டியது

தோழியரே, பட்டிமன்றமோ, வீட்டுப் பேச்சோ, எந்த வாதத்திலும் மூன்றைக் கடைப்பிடிக்கலாம் என்று நினைக்கிறேன்.

முதலாவது, பேசத் தொடங்குமுன் நாம் நிரூபிக்காமல் எடுத்துக்கொண்டவை எவை என்று ஒரு தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். கண்டவை எவை, கொண்டவை எவை என்று பிரிக்க வேண்டும்.

இரண்டாவது, ஒவ்வொன்றுக்கும் எதிராக ‘இது இல்லை எனக் கொள்வோம்’ என்று சொல்லிப் பார்க்க வேண்டும். அப்போதும் நம் முடிவு நிற்கிறதென்றால் அந்த ஊகம் தேவையற்றது. முடிவு சரிகிறதென்றால் அதுவே அடித்தளம். அதைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.

மூன்றாவது, எதிரே இருப்பவரிடம் கேட்க வேண்டும். “இதை நீங்கள் ஒப்புக்கொள்கிறீர்களா?” என்று ஒரு கேள்வி கேட்டால் பாதிச் சண்டைகள் தொடங்கவே மாட்டா. “கட்டிக்கொடுத்து அனுப்பப் போகிற பெண்ணுக்கு இவ்வளவு படிப்பு எதற்கு?” என்று நம் உறவினர்களுள் சிலர் கேட்பதுண்டு. அவர்களோடு சண்டை பிடிப்பதில் பயன் இல்லை. அவர்கள் வாதத்தில் பிழை இருப்பது முடிவில் அன்று, தொடக்கத்தில். படிப்பின் பயன் பிறந்த வீட்டுக்குச் சம்பளம் கொண்டுவருவது மட்டுமே என்று அவர்கள் கேட்காமலே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். “மாமா, படிப்பு அதற்கு மட்டும்தானா?” என்று பணிவோடு கேட்டுப் பாருங்கள். அவரும் சற்று யோசிப்பார்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் பெரியோர் வாக்கு. தீர விசாரித்தல் என்பது பிறரை மட்டும் விசாரிப்பதன்று. நம் மனத்துக்குள் நாமே எடுத்து வைத்துக்கொண்டவற்றையும் விசாரிப்பதாகும். இரவு செபத்துக்கு முன் ஆன்ம சோதனை செய்யச் சிஸ்டர் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அன்று என்ன செய்தேன் என்று மட்டுமே முன்பெல்லாம் எண்ணிப் பார்ப்பேன். இப்போது, அன்று யாரைப்பற்றி எதைக் கேட்காமல் எடுத்துக்கொண்டேன் என்றும் எண்ணிப் பார்க்கிறேன்.

கணக்கு வகுப்பில் டீச்சர் “எனக் கொள்வோம்” என்று இப்போதும் சொல்கிறார்கள். நானும் நோட்டில் எழுதிக்கொள்கிறேன். ஆனால் அச்சொற்களின் கீழே பென்சிலால் ஒரு கோடு இழுத்துவிடுகிறேன்.